பச்சை மையில் இரண்டு கடிதங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, அஞ்செட்டி மலைப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, இருந்தவரும் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், உடனடியாக ஒருவரைப் போட்டுத்தர ஆவன செய்யுங்கள் என்று கேட்கும் தாள். கீழே கோணலும் மாணலுமாகக் கையெழுத்துகள், நாலைந்து கைநாட்டுகள், ஊதா மை காய்வதற்குள் மடித்ததால் எதிர்ப்பக்கத்தில் பதிந்த பெருவிரல் நிழல்கள். அதே வாரம் அதே அலுவலகத்துக்கு இன்னொரு மனு வருகிறது. தென்மாவட்டத்திலிருந்து இங்கே பணிநியமனம் பெற்று வந்த ஆசிரியர் ஒருவர் எழுதியது. ஊரில் அம்மா படுத்த படுக்கை, மனைவிக்கு வேறு மாவட்டத்தில் வேலை, சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் கிடைக்கப் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்கிறார். உதவியாளர் இரண்டுக்கும் லெட்டர் பேடில் தட்டச்சு செய்து வைக்கிறார். உறுப்பினர் இரண்டிலும் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறார். இரண்டும் ஒரே கல்வித் துறைக்குப் போகின்றன. வைத்துக்கொள்வோம் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். வடமாவட்டங்களில் காலியிடம் அதிகம், அவற்றில் வந்து சேர்கிறவர்கள் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது கல்வித் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மாறுதல் கலந்தாய்வு இணையத்துக்குப் போன பிறகும் பரிந்துரைக் கடிதங்கள் நின்றபாடில்லை. இதில் யாரையும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவைப் பார்க்கப் போக நினைக்கும் ஆசிரியரிடம் என்ன குறை காண்பது? பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தர ஒருவர் வேண்டும் என்று கேட்கும் ஊரிடம்தான் என்ன குறை காண்பது? ஆனாலும் ஒன்றையொன்று ரத்து செய்யும் இரண்டு தாள்களில் ஒரே கை, ஒரே மையில் கையெழுத்திடுவது நெடுநாளாக என்னை உறுத்துகிறது.

பச்சை மைக்குச் செலவு கிடையாது. ஒருவர் கேட்பதைக் கொடுத்தால் இன்னொருவர் கேட்பது கெடும் என்ற இடத்தில் ஒரு பக்கம் நின்று, அதற்கான காரணத்தையும் சொல்லத்தான் பிரதிநிதி என்று ஒருவரை அனுப்புகிறோம். பரிந்துரைக் கடிதம் அவரை அந்தச் சிரமத்திலிருந்து விடுவித்துவிடுகிறது. மனு கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாது என்று நினைத்தால் நாம்தான் ஏமாளி. ஓசூரில் வட்டாட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் சற்று நேரம் நின்றால் போதும். "லெட்டர் குடுத்துட்டாருண்ணா" என்பார் ஒருவர். "லெட்டர் கெடக்கட்டும்பா, போன் போட்டாரா?" என்பார் அடுத்தவர். கடிதம் மரியாதை, போன் வேலை என்ற பாகுபாட்டை மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தோன்றும் இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. உறுப்பினர் ஒரு பக்கம் நிற்க வேண்டும் என்று நாமும் விரும்பவில்லை. ஒரு பக்கம் நிற்கத் தெரிந்தவர் நம்மிடம் முடியாது என்றும் சொல்வார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்ன ஒருவருக்கு அடுத்த தேர்தலில் யார் ஓட்டுப் போடுவது? இந்த மாவட்டத்துக்காரர்கள் ஓட்டில் தயவு பார்ப்பவர்களும் அல்லர். பர்கூர் 1991-ல் ஜெயலலிதாவை ஜெயிக்க வைத்து, 1996-ல் முதலமைச்சராக இருந்த அவரையே தோற்கடித்த தொகுதி.

ஆசிரியரைப் போடு என்கிற மனுவுக்காவது ஒரு போக்கிடம் உண்டு. சம்பளத்தைப் பற்றிய மனு இன்னும் விசித்திரமானது. அரசு ஊழியரின் ஊதியம் அரசியலமைப்பின் 309-ஆவது பிரிவின் கீழ் வரும் விதிகளாலும், நிதித் துறை வெளியிடும் அரசாணைகளாலும் முடிவாகிறது. பேரவையில் உறுப்பினர் ஆம் என்று சொல்வது ஒரு துறையின் மொத்த மானியக் கோரிக்கைக்கு. அதுவும் குரல் வாக்கெடுப்பு. கட்சிக் கொறடா இருக்கிறார், கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. ஒரு சத்துணவு அமைப்பாளருக்கோ கிராம உதவியாளருக்கோ எவ்வளவு தரலாம் என்ற கேள்வி தனியாக அவர் முன்னால் வைக்கப்படுவதே இல்லை. வைக்கப்படுவது ஒரே ஒரு சம்பளம்தான், அவருடையது. 195-ஆவது பிரிவு, உறுப்பினர்களின் ஊதியத்தைச் சட்டமன்றமே சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்கிறது. 2017 ஜூலையில் அது மாதம் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ரூபாயாக உயரும் என்று அறிவித்தார்கள். அதற்கான மசோதா 2018 ஜனவரியில் பேரவைக்கு வந்தபோது வெளியே அரசுப் பேருந்துகள் ஓடவில்லை. ஊதிய உயர்வுக் காரணி 2.57 மடங்கா, 2.44 மடங்கா என்பதில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். திமுக அந்த உயர்வை எதிர்த்தது, மசோதா நிறைவேறியது. தொகை பெரிதா சிறிதா என்ற வழக்கமான சண்டைக்குள் நான் போக விரும்பவில்லை. நாள் முழுக்க கல்யாணம், காதுகுத்து, சாவு என்று சுற்றும் ஒரு உறுப்பினரின் செலவு பலருக்கும் தெரியாது. தன் ஊதியத்துக்கு ஒரு சட்டம், பிறர் ஊதியத்துக்கு ஒரு ஆணை என்ற ஏற்பாடுதான் எனக்கு விழுங்க முடியாததாக இருக்கிறது.

இங்கே ராஜாஜியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். 1931-ல் கராச்சி காங்கிரஸ், அரசுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் போதும் என்று தீர்மானம் போட்டிருந்தது. 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமராக ராஜாஜி பொறுப்பேற்றபோது காங்கிரஸ் அமைச்சர்கள் அந்த ஐந்நூறைத்தான் வாங்கினார்கள். இதை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். கைதட்டல் அடங்கிய பிறகு யோசிக்க வேறொன்று இருக்கிறது. அந்த முறை அவர் தேர்வானது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து. 1952-ல் மீண்டும் முதலமைச்சரானபோது மேலவைக்கு நியமனம் பெற்று வந்தார். வாசலில் ஊர்க்காரர்கள் மனுவோடு வந்து நிற்கக்கூடிய தொகுதி என்று ஒன்று அந்த இரண்டு முறையும் அவருக்கு இல்லை. குறைந்த சம்பளம் வாங்கிய ஆட்சியாளர்களைக் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அதிகம் செலவு வைப்பது சம்பளமா, வாசலா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

சம்பளம் கேட்கும் மனுக்களுக்கென்றே ஒரு எண்கணிதம் உருவாகியிருக்கிறது. 2009 மே 31 வரை வேலைக்குச் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370, மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பறை, ஒரே கரும்பலகை, ஒரே சுண்ணக்கட்டி. இடையில் ஒரு இரவும் 3,170 ரூபாயும். 2012-ல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் ஓவியமும் தையலும் கணினியும் உடற்கல்வியும் சொல்லித்தருகிறார்கள். பல போராட்டங்களுக்குப் பிறகு அது 2024-ல் 12,500 ஆனது. மே மாதம் பள்ளி இல்லை என்பதால் சம்பளமும் இல்லை என்பது அவர்களுடைய நெடுநாள் குறையாக இருந்தது. இவர்களுடைய மனுக்களில் 2021-க்குப் பிறகு புதிதாக ஒரு பழக்கம் நுழைந்தது. திமுக தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி எண்ணையே 'பார்வை' என்ற இடத்தில் எழுதினார்கள். பகுதிநேர ஆசிரியர் என்றால் 181, பழைய ஓய்வூதியம் என்றால் 309, சம வேலைக்குச் சம ஊதியம் என்றால் 311. அரசாணை எண்ணை எழுத வேண்டிய இடத்தில் வாக்குறுதி எண். அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்வதா, நம்பிக்கையாக எடுத்துக்கொள்வதா என்று எனக்குப் பிடிபடவில்லை. எழுதியவருக்கும் பிடிபட்டிருக்காது. பயந்து பயந்து எழுதும்போது மனிதர்கள் எண்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓய்வூதியத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர் தன் சம்பளத்திலிருந்து பத்து விழுக்காடு கட்டும் திட்டத்துக்குள் வந்தார். அவர் மனு கொடுக்கப் போகும் உறுப்பினருக்கோ, பதவி போன பிறகும் வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு, பிடித்தம் இல்லை. மனு கொடுப்பவர் இதை அறிவார். வாங்குபவரும் அறிவார். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சோபாவில் உட்காரச் சொல்லி, "டீ சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்கிறார்கள்.

2019 ஜனவரியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பழைய ஓய்வூதியம், ஊதிய முரண்பாடு, ஏழாவது ஊதியக் குழுவின் 21 மாத நிலுவை என்று கோரிக்கைகளை வைத்து, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 22-ஆம் தேதி காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. பள்ளிகள் முடங்கின. ஆசிரியர்களின் இடத்தில் தற்காலிகமாக ஆள் எடுக்க முதலில் 7,500 ரூபாய் என்றது அரசு. பிறகு 10,000 என்றது. பல ஆண்டுகள் மனு எழுதியும் நகராத தொகை, வேலைநிறுத்தத்தை உடைக்கும் அவசரம் வந்தபோது சில நாட்களில் மேலேறியது. 30-ஆம் தேதி வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. அந்த நாட்களில் ஓசூர் தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. அமைச்சராகவும் இருந்த பாலகிருஷ்ண ரெட்டி, 1998-ஆம் ஆண்டுப் போராட்ட வழக்கு ஒன்றில் ஜனவரி 7-ஆம் தேதி சிறப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பதவியை இழந்திருந்தார். ஏப்ரல் 18-ல் இடைத்தேர்தல், மே 23-ல் முடிவு. நான்கரை மாதம் இடம் காலி. தொகுதியின் ஆசிரியர்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். பெற்றோர் சிப்காட் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மனுவைக் கொடுக்க ஒரு மேசை இல்லை. அந்த மேசை இருந்த மற்றத் தொகுதிகளில் நடந்ததற்கும் ஓசூரில் நடந்ததற்கும் ஏதாவது வித்தியாசம் இருந்ததா? என் நினைவுக்கு எட்டியவரை இல்லை. ஓசூரில் மட்டும் வேலைநிறுத்தம் முன்னால் முடியவில்லை, பின்னாலும் முடியவில்லை. இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு பயமும் வருகிறது. அப்படியானால் உறுப்பினர் எதற்கு என்று கேட்பவர்களோடு என்னையும் சேர்த்துவிடுவார்களோ என்று. நான் கேட்பது அது இல்லை. இடம் காலியாக இருந்ததை நாம் ஏன் உணரவில்லை என்பதுதான் என் கேள்வி.

எல்லையில் இருப்பதால் இங்கே எல்லாவற்றையும் ஒப்பிட்டே பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூஜூவாடி தாண்டினால் அத்திபெலே. கர்நாடகம் தன் ஏழாவது ஊதியக் குழுவை 2024 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தி, குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை 17,000-லிருந்து 27,000 ஆக்கியது. தமிழ்நாட்டில் 2017 முதல் அது 15,700. அகவிலைப்படியைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும், இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டு வாடகை அகவிலைப்படி அட்டவணையைப் பார்த்து ஏறுவதில்லை, பெங்களூரைப் பார்த்து ஏறுகிறது. அடுத்த வருடமே கர்நாடகச் சட்டமன்றமும் தன் உறுப்பினர்களின் சம்பளத்தை 40,000-லிருந்து 80,000 ஆக்கிக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு மாநிலங்களுக்கும் எல்லைத் தகராறு கிடையாது. பேருந்தில் இன்னொரு வேடிக்கை. ஓசூரில் நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏறும் பெண், அத்திபெலேயில் கர்நாடகப் பேருந்தில் ஏறினால் டிக்கெட் வாங்க வேண்டும். அங்குள்ள சக்தி திட்டம் கர்நாடகத்தில் குடியிருக்கும் பெண்களுக்கு மட்டும். ஆதார் அட்டையின் முகவரிதான் உரிமை.

அந்த முகவரி விஷயம்தான் என்னை வேறொரு பக்கம் இழுக்கிறது. மனு என்பது முகவரி உள்ளவரின் சலுகை. தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிற ஒருவர், வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதுபவரிடம் தன் மொழியில் குறையைச் சொல்ல, அவர் அதை 'மேற்படி', 'தாழ்மையுடன்' போட்ட தமிழாக மாற்றி எழுதித் தருவது இங்கே சாதாரணம். 2024-ல் கிருஷ்ணகிரி மக்களவை உறுப்பினராகத் தேர்வான கோபிநாத் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தபோது சென்னையில் சிலர் புருவம் உயர்த்தினார்கள், ஓசூரில் யாருக்கும் அது செய்தியாகப் படவில்லை. மொழி வேறாக இருந்தாலும் அவர்களுக்கு இங்கே ஓட்டு இருக்கிறது, ஆகவே மனுவும் இருக்கிறது. கைபேசிப் பாகங்கள் செய்யும் ஆலைகளுக்காக ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்கு அதுவும் கிடையாது. அவர்கள் குடிக்கும் தண்ணீர், காய்ச்சல் வந்தால் போகும் அரசு மருத்துவமனை, இரவு ஷிஃப்டு முடிந்து நடக்கும் சாலையின் விளக்கு எல்லாம் இந்த ஊரின் பொதுச் சேவைகள். அவர்களுடைய சட்டமன்ற உறுப்பினர் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ஓசூரின் மருத்துவர் எண்ணிக்கையையும் தூய்மைப் பணியாளர் எண்ணிக்கையையும் மனுக்களின் கனத்தை வைத்து முடிவு செய்தால் இந்தப் பெண்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

2022 ஆகஸ்டில் தபால் எதிர்த்திசையில் வந்தது. தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்று 234 உறுப்பினர்களுக்கும் முதலமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' என்று அதற்குப் பெயர். நல்ல யோசனை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பத்து என்று எண் குறித்துக் கேட்டால் மனம் தானாகப் பாலத்தையும் சாலையையும் பேருந்து நிலையத்தையும்தான் எண்ணும். காலிப் பணியிடமோ தொகுப்பூதியமோ அந்தப் பட்டியலில் ஏறுவது கடினம். உறுப்பினருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியின் குணமும் இதுவே. அதில் வகுப்பறை கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், நீர்த்தொட்டி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டலாம். அந்த வகுப்பறைக்குள் நிற்க வேண்டியவருக்கு ஒரு மாதச் சம்பளம் கூட அதிலிருந்து தர முடியாது. ஆகவே கட்டடங்கள் வருகின்றன. சுண்ணாம்பு வாசனை போவதற்குள் பூட்டிய அறைகளும் இருக்கின்றன. பெரிய விஷயங்கள் எந்த மனுவும் இல்லாமலே வந்துவிடுகின்றன. 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று பேரவையில் 110-ஆவது விதியின் கீழ் அறிவிப்பு வந்தது. அந்த விதியின் கீழ் அமைச்சர் சொல்வதன் மேல் விவாதம் கிடையாது. விமானம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஆசிரியர் கேட்டவர்களின் கைநாட்டு அதற்கு முன்பே காய்ந்திருந்தது.

நான் மனுவைக் குறைத்துப் பேசுகிறேனோ என்ற சந்தேகம் எனக்கே இருக்கிறது. எரியாத தெருவிளக்கு, வெடித்த டிரான்ஸ்ஃபார்மர், நின்றுபோன முதியோர் உதவித்தொகை இவற்றுக்கெல்லாம் ஒரு உறுப்பினரின் கடிதம் உதவியிருக்கிறது. வாசலில் நிற்கும் பாட்டிக்கு 195-ஆவது பிரிவைப் பற்றிய என் கவலை ஒரு பொருட்டே இல்லை, பொருட்டாக இருக்கவும் வேண்டியதில்லை. அவருக்கு அந்தக் கவலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அரசாணையை வாசிக்கத் தெரிந்த நமக்கு, சங்கங்களும் சந்தாவும் வைத்திருக்கும் ஊழியர்களுக்கு, ஆசிரியர் கேட்டு ஊர்க்கூட்டம் போடுகிற இளைஞர்களுக்கு, அதே மன்னிப்பு கிடையாது. நாமும் உறுப்பினரிடம் தபால்காரர் வேலையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பேரவையில் அவர் பேசியதையோ, பேசாமல் உட்கார்ந்திருந்ததையோ கேட்டதில்லை. முதலில் சொன்ன ஊர்க்காரர்களும் அந்த ஆசிரியரும் ஒருமுறையாவது ஒரே நாளில், ஒரே தாளில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மலைப்பக்கத்தில் வேலை செய்பவருக்குக் குடியிருப்பும் தனிப்படியும் கொடுங்கள், அவர் இங்கேயே இருப்பார் என்று ஒரே கோரிக்கையாக எழுதியிருந்தால், பச்சை மையில் இரண்டு பக்கமும் கையெழுத்திட வழி இருந்திருக்காது. அது செலவு கேட்கும் கோரிக்கை. அதற்கு அவர் எழுந்து நின்று நிதியமைச்சரைக் கேட்க வேண்டியிருக்கும்.

பள்ளிக் கல்வித் துறையின் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் விவாதத்துக்கு வருகிறது. மருத்துவத் துறையுடையதும் அப்படித்தான். வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம், கேள்வி கொடுக்கலாம். பேசியவை பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகின்றன. அடுத்த முறை மனு எழுதும்போது, தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதுங்கள்: இந்தத் துறையின் மானியக் கோரிக்கை வந்த அன்று எங்கள் பள்ளியைப் பற்றியோ, அங்கே வேலை செய்கிறவரின் சம்பளத்தைப் பற்றியோ ஐயா பேசியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று எங்களுக்கு வேண்டும்.